ஏழு பேர்ச் மண்
ஊவா மலைத் தோட்டங்களில் கண்டதும் கற்றதும்



நீங்கள் தினமும் இரண்டு வேளை தேநீர் போடுகிறீர்கள். அந்தத் தேயிலையைக் கிள்ளிய கை எந்த வீட்டில் உறங்கி எழுந்தது என்று என்றாவது யோசித்ததுண்டா? நானும் யோசித்ததில்லை. சென்ற 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலங்கையின் பதுளைக்குப் போய் வரும் வரை!

என்னுடன் அரபிக் கல்லூரியில் ஒரே பாயில் அமர்ந்து ஓதிய இலங்கை நண்பர் ஒருவர், பதுளைக்கு அருகே ஒரு மதரஸாவில் ஆசிரியராக இருக்கிறார். இருபது வருடமாக அழைத்துக் கொண்டே இருந்தவர், இந்த முறை, "மனைவியையும் கூட்டிக் கொண்டு வாங்க ஹஜ்ரத், இல்லாவிட்டால் வரவே வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார். அவர் அப்படிச் சொன்னது எவ்வளவு நல்லதாயிற்று என்பது போன பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரையில் உள்ள பாதி விஷயம் என் மனைவி அடுப்படிகளில் உட்கார்ந்து கேட்டு வந்தது. ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்தால் தெரிந்து கொள்ளக் கூடியது கொஞ்சம்தான்.

மலை ஏறும் ரயில்

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலை ஆறு மணிக்குச் சற்று முன் 'பொடி மெனிக்கே' ரயில் புறப்பட்டது. கண்டி தாண்டியதும் வண்டி மலை ஏறத் தொடங்குகிறது. பட்டிப்பொல என்ற இடம் 6,200 அடிக்கும் மேலே உள்ளது. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். அதைத் தாண்டிக் குகை வழியாக வெளியே வந்தால் ஊவா மாகாணம். ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல என்று ஊர்கள் வருகின்றன. 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது வெளிநாட்டுப் பயணிகள் எல்லாம் வாசலில் நின்று படம் எடுத்தார்கள். கடைசி நிலையம் பதுளை. அங்கே ரயில் வந்து சேர்ந்தது 1924இல்.

இத்தனை பெரிய பாதை எதற்காகப் போடப்பட்டது? மனிதர்களுக்காக அல்ல. முதலில் காப்பிக்காக, பிறகு தேயிலைக்காக. 1869இல் காப்பிச் செடிகளை இலை நோய் தாக்கி அழித்தது. அதற்குப் பிறகு மலை முழுவதும் தேயிலை ஆயிற்று. ஹப்புத்தளைக்கு மேலே உள்ள தம்பேத்தன்ன தோட்டம், உலகமெல்லாம் பெயர் தெரிந்த லிப்டன் துரையின் தோட்டம். 1890இல் அவர் இந்தப் பக்கம் வந்து தோட்டங்களை வாங்கினார்.

செடி நட்டது யார்? நம் ஊர்க்காரர்கள்! திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் சீமைகளிலிருந்து, பஞ்சத்திலும் கடனிலும் அகப்பட்ட ஏழைகளைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். அந்தப் பயணத்தின் 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

ஒரு காம்பரா, ஒரு குடும்பம்

பதுளையில் நண்பரின் மனைவி எங்களை வரவேற்றார். என் மனைவியை அவர் மகள்கள் "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட, இவள் திகைத்துப் போனாள். இலங்கை முஸ்லிம் வீடுகளில் 'தாத்தா' என்றால் அக்கா என்று பிறகுதான் புரிந்தது. சிரித்து ஓய்ந்தோம்.

மறுநாள் நண்பர் எங்களைப் பசறைப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அவருடைய தந்தை அந்தத் தோட்டத்துக் கடைவீதியில் பல வருடம் துணிக்கடை வைத்திருந்தவர். அதனால் பெரியவர்கள் எல்லாரும் இவரை "வாங்க நானா" என்று உரிமையோடு அழைத்தார்கள்.

தோட்டத்து வீட்டுக்கு 'லயம்' என்று பெயர். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லே லயன் ஆகி, லயம் ஆயிற்று. ஒரே நீளக் கூரை. அதன் கீழே பத்து அல்லது பன்னிரண்டு அறைகள் வரிசையாக. சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. ஒவ்வோர் அறைக்கும் 'காம்பரா' என்று பெயர். சுமார் 10 அடிக்கு 12 அடி. முன்னால் 'இஸ்தோப்பு' என்று சொல்லும் சிறு தாழ்வாரம். சமையல், படுக்கை, பிரசவம், மரணம், விருந்து, படிப்பு எல்லாம் அதற்குள்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 சதுர அடி! நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் உட்கார வைக்கும் அறை அதைவிடப் பெரிது. அதில் மாமனார், மாமியார், மகன், மருமகள், வயது வந்த மகள், இரண்டு குழந்தைகள்.

இஸ்தோப்பில் என்னையும் நண்பரையும் உட்கார வைத்து வெறுந்தேத்தண்ணியும் உள்ளங்கையில் சீனியும் கொடுத்தார்கள். என் மனைவியை உள்ளே அழைத்துப் போனார்கள். அரைமணி நேரம் கழித்து வந்தவள் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. இரவில்தான் சொன்னாள்:

"பத்தொன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி. துணி மாத்தணும்னா வீட்டு ஆம்பளைங்க எல்லாம் வெளியே போய் நிக்கணுமாம். மழை பெஞ்சா எங்கே போவாங்க? புடவையைக் குறுக்கே கட்டித் திரை போட்டிருக்காங்க. குளிக்கிறது வெளியே பீலியில. கல்யாணம் ஆகி வந்த மருமக ஆறு மாசமா இராத்திரி வாய் திறந்து புருஷன்கிட்டப் பேசினதில்லையாம். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு இருமினா இங்கே கேக்குதாம்."

சகோதரிகளே, நாம் பர்தாவைப் பற்றி எத்தனை பயான்கள் செய்கிறோம்! திரை போடுவதற்கு முதலில் ஒரு சுவர் வேண்டாமா?

வேலை போனால் கூரையும் போகும்

"இவர்கள் வீடில்லாதவர்கள் அல்லவே? கூரை இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் நண்பரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "ஹஜ்ரத், கூரை இருக்கு. வீடு இல்லை."

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்கிறவருக்குத் தங்க இடம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால்தான் அங்கே இருக்கலாம் என்பது காலங்காலமாக இருந்து வரும் நிலை. அறுபது வயது வரை கொழுந்து பறித்த பாட்டி, மகனோ மருமகளோ வேலைக்குப் போவதால்தான் தான் பிறந்த காம்பராவிலேயே இருக்க முடிகிறது. மகன் கொழும்புக்கு வேறு வேலைக்குப் போய் விட்டால்? மருமகள் குழந்தையோடு வீட்டில் இருந்து விட்டால்? கேள்வி எழுந்து விடும். இடிந்த சுவரைத் தன் காசில் கட்டினாலும் அது தன் சுவர் ஆகாது. கூரை ஒன்றே என்பதால் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் முழு லயமும் எரிகிறது. அப்படி எரிந்த லயங்கள் மலைநாட்டில் பல.

இன்னொன்றும் உண்டு. பல தோட்டங்களில் வீட்டுக்கு முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யார் மூலமோ லயத்துக்கு வர வேண்டும். வேலைக்கான நேர்முகக் கடிதம் தேதி கடந்து கையில் கிடைத்த கதைகளை அந்த மலையில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள்.

இந்த நிலை எப்படி ஏற்பட்டது? இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று குடும்பங்கள் அறுந்தன. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருக்கும் சகோதரிகளுக்குத் தெரியும். அங்கே 'சிலோன்காரர்கள்' என்று அழைக்கப்படுபவர்கள் அப்படி அனுப்பப்பட்டவர்களே. அங்கேயே தங்கியவர்களுக்கு 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் பிரஜாவுரிமை முழுமையாயிற்று.

நாடே இல்லாதவருக்கு நிலம் யார் எழுதிக் கொடுப்பார்? இதுதான் லயத்தின் வரலாறு.

மண் மூடிய காலை

மூன்றாம் நாள் ஹப்புத்தளை வழியாகக் கொஸ்லந்த பக்கம் போனோம். தியலும அருவியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். 700 அடிக்கு மேல் இருந்து விழும் அருவி, கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் நாங்கள் போனது மீரியபெத்தவைப் பார்க்க.

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழு மணி தாண்டிய நேரம். இரவெல்லாம் மழை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டிருந்தார்கள். மலை அப்படியே இறங்கி வந்து மீரியபெத்த தோட்டத்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. மாண்டவர்களில் கிடைத்த உடல்களைவிடக் கிடைக்காத உடல்களே அதிகம். இன்று அந்தச் சரிவு முழுவதும் புல் முளைத்துப் பச்சையாக இருக்கிறது. தெரியாதவர் பார்த்தால் அழகான இடம் என்பார்.

நெஞ்சைச் சுடுவது எது தெரியுமா? அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் பிறகு 2011இலும் எச்சரித்திருந்தது. வெளியேறுங்கள் என்று சொன்னார்கள். எங்கே போவது? சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவரிடம் "வீட்டை விட்டுப் போ" என்றால், அவர் எதன் மேல் காலை வைப்பார்?

தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும், பிறகு மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். தொழிற்சாலைக்குள் தடுப்புப் போட்டுக் குடும்பம் நடத்தினார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம்! 2016இல்தான் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டி முடித்துக் கையளிக்கப்பட்டன. அந்த 75 வீடுகளைத் தொலைவிலிருந்து பார்த்தோம். வரிசை லயம் இல்லை; தனித்தனி வீடு, தனித்தனிக் கூரை, நடுவே வாழையும் பூச்செடியும்.

எழுபத்தைந்து வீடு கிடைக்க எத்தனை உயிர் போக வேண்டியிருந்தது என்று நினைத்தபோது பேச்சு வரவில்லை. அந்த இடத்தில் நின்று துஆ செய்துவிட்டு வந்தோம்.

ஏழு பேர்ச்

இனி நல்ல செய்தியைச் சொல்கிறேன்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் அரசிடமிருந்து கம்பனிகளுக்குக் கைமாறிய பிறகு, தோட்ட மக்களின் வீடு, சுகாதாரம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றைக் கவனிக்கப் பொறுப்பு நிதியம் ஒன்று ஏற்பட்டது. தோட்டங்கள் தோறும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 2015க்குப் பிறகு, ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்ற ஏற்பாடு வந்தது. பேர்ச் என்பது அங்குள்ள நில அளவு. 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடி சொச்சம். நம் கணக்கில் நான்கு சென்டுக்கு மேல்.

நம் இந்திய அரசும் இதில் கை கொடுத்திருக்கிறது. இலங்கைக்கு இந்தியா கட்டித் தந்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்கில் போரில் வீடிழந்தவர்களுக்கு. 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு. 2017இல் தோட்டங்களுக்கு மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் வீடொன்றுக்கு 28 இலட்சம் இலங்கை ரூபாய். இந்தத் திட்டத்து வீடு 550 சதுர அடி. இரண்டு படுக்கை அறை, ஒரு கூடம், சமையலறை, கழிப்பறை. 120 எங்கே, 550 எங்கே!

நண்பர் எங்களை அப்படி ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். "எங்க பாட்டன் திருச்சி ஜில்லாவாம். ஊர் பேர்தான் தெரியாது" என்று சொல்லி எங்களை ஊர்க்காரர்களாகவே ஆக்கிக் கொண்டார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்து வைத்திருந்தார்கள்.

வீடு எப்படி எழுந்தது என்று மகன் விவரித்தார். முழு வீட்டையும் யாரோ கட்டிச் சாவியைக் கொடுத்து விடவில்லை. வீட்டுக்காரரே முன்னின்று கட்டுகிறார். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் ஒரு தவணை, கூரை ஏறினால் ஒரு தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் தொழில்நுட்ப அலுவலர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தொகை. சிமெண்டு மூட்டையைச் சாலையிலிருந்து தலையில் சுமந்தது பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்கள் வீடு எழும்போது இவர்கள் சுமந்தார்கள். மண் சரியும் இடமா என்று சோதித்த பிறகே நிலம் ஒதுக்கினார்கள்.

என் மனைவியை மருமகள் வீடு முழுவதும் சுற்றிக் காட்டினார். எதை முதலில் காட்டினார் தெரியுமா? சமையலறையை அல்ல. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை! "உள்ளே தாழ்ப்பாள் போடலாம் அக்கா" என்றாராம்.

ஒரு தாழ்ப்பாள், சகோதரிகளே. நாம் தினமும் பத்து முறை போட்டுத் திறக்கிறோம். ஒரு முறை கூட அல்ஹம்துலில்லாஹ் சொன்னதில்லை.

வீடு மட்டும் போதாது என்பதையும் அங்கேதான் கண்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்க்க வரும் மருத்துவ மாது, கொழுந்து பறிக்கப் போகும் தாய் குழந்தையை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா, தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடத்துக்குப் பாதை, பேருந்து, வங்கிக் கணக்கு... இவை சேர்ந்தால்தான் கட்டடம் குடியிருப்பாகிறது. புதிய வீட்டுக்கு வந்து, கூலிப் பணத்தில் கடன் கட்ட முடியாமல் திணறுகிறவர்களும் உண்டு. 2021இல் ஒரு நாள் கூலி 1,000 ரூபாய் ஆவதற்கே வருடக் கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ஆயிற்று. நாங்கள் போனபோது அதில்தான் அரிசியும் வாங்க வேண்டியிருந்தது, பிள்ளைக்குச் செருப்பும் வாங்க வேண்டியிருந்தது.

புறப்படும்போது பாட்டியிடம், "வீடு உங்கள் பெயரில்தானே பாட்டி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வீடு வந்திருச்சுங்க ஐயா. பத்திரம்தான் இன்னும் வரல. வந்ததும் சட்டம் போட்டு மாட்டணும்னு மகன் சொல்றான். நான் சொல்லிட்டேன், பொட்டியில வை, சுவத்துல மாட்டினா காத்து கொண்டு போயிரும்."

ஒரே வேர்ச்சொல்

இரவு நண்பரும் நானும் பழைய மாணவர்களாகி விட்டோம். அரபி மொழியில் வீட்டுக்கு 'மஸ்கன்' என்று பெயர். ஸீன், காஃப், நூன் என்ற மூன்று எழுத்து வேரிலிருந்து வருவது. அமைதியாகி நிலைத்து நிற்பது என்று பொருள். அதே வேரிலிருந்துதான் 'ஸகீனத்', அதாவது மன அமைதி வருகிறது. அதே வேரிலிருந்துதான் 'மிஸ்கீன்' என்ற சொல்லும் வருகிறது! வறுமை ஒருவனை அசைய விடாமல் முடக்கிப் போட்டால் அவன் மிஸ்கீன். அமைதியும் முடக்கமும் ஒரே வேரில்! நடுவில் நிற்பது வீடு. அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது, வீட்டை நிம்மதி தரும் இடமாக ஆக்கியதையும் ஓர் அருளாக எண்ணுகிறான்.

அந்தலூஸில் வாழ்ந்து ஹிஜ்ரி 456இல் மறைந்த இமாம் இப்னு ஹஸ்ம் தம் 'அல்முஹல்லா' நூலில் ஒரு சட்டம் சொல்கிறார். ஒவ்வோர் ஊரிலும் உள்ள செல்வர்கள் அந்த ஊர் ஏழைகளைக் கவனிப்பது கடமை. ஸகாத் போதாவிட்டால் ஆட்சியாளர் அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்கிறார். என்னென்ன கொடுக்க வேண்டும்? உணவு, கோடைக்கும் குளிருக்கும் உடை, பிறகு வீடு. எப்படிப்பட்ட வீடு? மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும், வழியில் போகிறவர்களின் பார்வையிலிருந்தும் காக்கிற வீடு!

படிக்கும் காலத்தில் இதை நான் மனனம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறேன். பார்வையிலிருந்து காப்பது என்பதன் பொருள், பசறைத் தோட்டத்தில் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி மனைவி சொன்ன பிறகுதான் விளங்கியது.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் வீடற்ற தோழர்களுக்காகத் திண்ணை இருந்ததை எல்லாரும் அறிவோம். உணவும் அங்கே, ஓதலும் அங்கே. ஒரு பெண்ணுக்கும் அங்கே இடம் இருந்தது தெரியுமா? ஒரு குலத்தாரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். செய்யாத திருட்டுக்காகச் சந்தேகிக்கப்பட்டு அவமானப்பட்டவள். நபியவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்ற அவளுக்குப் பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு சிறு கூடாரம் இருந்தது. அவள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து உட்கார்ந்து பேசிக் கொண்டிருப்பாள். கூடாரமும் கிடைத்தது, மனம் விட்டுப் பேச ஓர் ஆளும் கிடைத்தது. இரண்டும் வேண்டும்.

இன்று பின்லாந்து நாட்டில் இதையே அரசின் கொள்கையாக ஆக்கியிருக்கிறார்கள். தெருவில் கிடப்பவரைப் பார்த்து, "முதலில் திருந்து, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம்" என்று சொல்வதை 2008க்குப் பிறகு மாற்றினார்கள். முதலில் வீட்டுச் சாவி. பிறகு மருத்துவமும் வேலையும் ஆலோசனையும். வீடற்றவர் தொகை அங்கே குறைந்தது. தலை சாய்க்க இடம் கிடைத்தால்தான் மனிதனுக்கு நாளையைப் பற்றிய நினைப்பே வருகிறது.

நான் எழுதிய கடிதம்

இனி சொல்லப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகி விடும்.

எங்கள் மஹல்லாவில் ஒரு மோதினார் இருந்தார். இருபத்திரண்டு வருடம் பாங்கு சொன்னவர். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சிறு வீடு அவருக்குத் தரப்பட்டிருந்தது. மோதினாருக்கான வீடு. ஒரு நாள் சுப்ஹுக்குப் பிறகு மாரடைப்பில் இறந்து விட்டார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். புதிய மோதினார் வர வேண்டும். அவருக்கு வீடு வேண்டும். இத்தா முடிந்ததும் வீட்டைக் காலி செய்து தரும்படி அந்த அம்மாவுக்குக் கடிதம் கொடுப்பதென்று கூட்டத்தில் முடிவாயிற்று. "ஹஜ்ரத் கையெழுத்து அழகாக இருக்கும்" என்று என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பிஸ்மில்லாஹ் என்று தொடங்கி, மிக மரியாதையான வார்த்தைகளில்!

அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மாதம் பத்து நாள் முடிந்ததும் சாவியைக் கொண்டு வந்து கொடுத்து விட்டுப் போனார்.

மீரியபெத்த சரிவைப் பார்த்து நின்றபோது என் கண் முன் வந்தது அந்தச் சாவிதான். தோட்டக் கம்பனியைக் குறை சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. வேலை செய்தால் வீடு, இல்லாவிட்டால் வெளியே என்ற அதே சட்டத்தை அழகிய கையெழுத்தில் எழுதியவன் நான்! நான் இருப்பதும் மதரஸா கொடுத்த வீட்டில்தான். நாளை என் மனைவிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

ஊர் திரும்பியதும் முதலில் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். ஒரு மாடியில் ஒற்றை அறையில், தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று பேரும் படுத்துறங்குகிறார்கள். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன செய்வீங்க ஹஜ்ரத், சொன்னதை எழுதினீங்க" என்றார். அந்தப் பதில் இன்னும் வலிக்கிறது.

பிறகு ஜமாஅத் கூட்டத்தில் பேசினேன். பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட இடம் ஊருக்கு வெளியே சும்மா கிடக்கிறது. அதில் நாலைந்து சிறு வீடுகள் கட்டி, பள்ளிக்கு உழைத்தவர்களின் விதவைகளும் ஆதரவற்ற பெண்களும் ஆயுள் வரை இருக்க வைக்கலாம் என்றேன். வாதம் நடந்தது. சிலர் கோபித்துக் கொண்டார்கள். முடிவாக, அந்த அம்மாவின் அறை வாடகையை ஜமாஅத் ஏற்றுக் கொண்டிருக்கிறது. இடத்தை அளந்து வரைபடம் போடச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை. ஆனாலும் அளவு நாடா இடத்துக்குப் போய் விட்டது. அது ஒரு தொடக்கம்.

புயலுக்குப் பிறகு

2025 அக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில், இந்திய வீட்டுத் திட்டத்தின் புதிய கட்டத்தில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டு உரிமைச் சான்றுகள் வழங்கப்பட்டன. செய்தி கேட்டு நண்பருக்குப் பேசினேன். பாட்டி முந்திய கட்டத்தில் வீடு பெற்றவர். இந்தப் பட்டியலில் அவர் இல்லை. "பாட்டி இன்னும் பொட்டியைத் திறந்துதான் வெச்சிருக்கா" என்றார்.

அடுத்த மாதமே, நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பதுளை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன. நாங்கள் போன ரயில் பாதையும் சிதைந்தது. நான்கு நாள் நண்பரோடு தொடர்பு இல்லை. ஐந்தாம் நாள் குரல் கேட்டது. அவர்கள் ஊர்ப் பள்ளிவாசல் மண்டபத்தில் லயங்களை விட்டு வந்தவர்கள் தங்கியிருந்தார்கள். அவர் மனைவியும் மகள்களும் பெரிய சட்டியில் சோறு ஆக்கிக் கொண்டிருந்தார்கள். நாங்கள் தேத்தண்ணி குடித்த பழைய லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி இரண்டு காம்பராச் சுவர் சாய்ந்து விட்டது. ஆள் சேதமில்லை, முந்திய நாளே வெளியேற்றி விட்டார்கள். எங்கே போனார்கள்? பக்கத்தில் புதிய வீடு உள்ளவர்களிடம். பாட்டியின் கூடத்தில் மட்டும் பதினான்கு பேர் படுத்திருந்தார்களாம். வீடு பெற்றவர் வீடு கொடுத்தார்.

சகோதரிகளே, மலையகத்தில் இன்னும் பெரும் பகுதியினர் லயத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் இங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்பது நியாயம். அங்கே நிவாரணப் பணி செய்வோருக்கு உதவலாம். ஸதகா கொடுக்க மதம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதைவிட அருகில் ஒரு வேலை இருக்கிறது.

உங்கள் தெருவில் யார் வீடு அவர்கள் உழைப்போடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இமாமின் வீடு, மோதினாரின் வீடு, உங்கள் வீட்டில் பல வருடமாக வேலை செய்யும் அம்மா படுக்கும் இடம், தோப்பைக் காவல் காப்பவரின் குடிசை. நாளை அவர் வேலை செய்ய முடியாமல் போனால் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்று உங்கள் கணவரிடம், உங்கள் மகனிடம் கேளுங்கள். அவர்கள் ஜமாஅத் கூட்டத்துக்குப் போகிறவர்கள்; நீங்கள் கேட்டால் அங்கே போய்க் கேட்பார்கள். உங்கள் மஹல்லாவில் சும்மா கிடக்கும் வக்ஃபு இடம் எத்தனை சென்ட் என்று கேளுங்கள். வீடு கட்ட உங்களிடம் நிலம் இருந்து, ஓர் ஏழைக்கு எழுதிக் கொடுக்கும் வசதியும் இருந்தால், அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையும் பத்திரத்தில் சேருங்கள்.

அடுத்த முறை தேநீர் போடும்போது அந்த மருமகளின் தாழ்ப்பாள் உங்கள் நினைவுக்கு வரட்டும்.

வீடு இல்லாத ஒவ்வொருவருக்கும் நிம்மதியான மஸ்கனை அல்லாஹ் தந்தருள்வானாக! இருக்கின்ற நமக்கு இல்லாதவரை நினைக்கும் உள்ளத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.